ஈ.எல். ஷீட் வாங்குபவர்களே, காசு கொடுக்கும் முன் ஓரத்தைப் பாருங்கள்

பெயர்ப்பலகைக்காக நான் வாங்கிய ஏ4 அளவு ஈ.எல். ஷீட் (எலக்ட்ரோலுமினசென்ட், மின்சாரம் பாய்ந்தால் முழுப் பரப்பும் ஒளிரும் மெல்லிய தகடு) சில வாரங்களில் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்து பாதி அணைந்துவிட்டது. விற்றவர் சொன்னது இரண்டு: 50,000 மணி நேரம் எரியும்; கத்தரிக்கோலால் எந்த வடிவத்திலும் வெட்டலாம். புகார் செய்ததும், "வெட்டியது நீங்கள்தானே, வாரண்டி கிடையாது" என்று கைவிரித்துவிட்டார்.

50,000 என்பது எல்.இ.டி.க்குச் சொல்லும் கணக்கு. ஈ.எல். ஷீட்டில் ஒளிர்வது தாமிரம் சேர்த்த துத்தநாக சல்பைடு பாஸ்பர். எரிய எரிய மங்குவது அதன் இயல்பு. சில ஆயிரம் மணி நேரத்தில் வெளிச்சம் பாதியாகும். வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் ஏற்றினால் பளிச்சென்று எரியும், ஆயுள் குறையும். "எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸில், எத்தனை மணி நேரத்தில் பாதியாகும்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

வெட்டுவதில்தான் பெரிய ஏமாற்று. முன்னால் ஒளி ஊடுருவும் மின்கடத்திப் பூச்சுள்ள பிளாஸ்டிக், அதன்மேல் பாஸ்பர், பிறகு பேரியம் டைட்டனேட் மின்காப்பு, கடைசியில் வெள்ளி அல்லது கார்பன் பேஸ்ட். பாஸ்பர் முதல் பேஸ்ட் வரை எல்லாம் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஏற்றிய மைகள். முன் பூச்சுக்கும் பின் பேஸ்ட்டுக்கும் நடுவே 0.1 மி.மீ. இடைவெளிகூட இல்லை. கத்தரி பட்டதும் பேஸ்ட் இழுபட்டு முன் பூச்சைத் தொட்டால் ஷார்ட். அந்த இடம் கருகிக் குழிவிழும். தப்பினாலும், திறந்த ஓரம் வழியாக ஈரம் ஏறி பாஸ்பரைக் கெடுக்கும். கறுப்பு முளைப்பது அதனால்தான். வெட்டியே ஆக வேண்டுமென்றால் உடனே இருபுறமும் லேமினேட் செய்து, ஓரத்தில் சில மி.மீ. வெறும் பிளாஸ்டிக் விட்டு ஒட்ட வேண்டும். நல்ல ஷீட்டில் அந்த வெற்று விளிம்பு தொழிற்சாலையிலேயே இருக்கும். நான் வாங்கியதில் பாஸ்பர் நுனிவரை வந்திருந்தது, பூதக்கண்ணாடியில் சாம்பல் நிறப் பேஸ்ட்கூடத் தெரிந்தது. பெரிய ஷீட்டிலிருந்து நறுக்கி விற்ற துண்டு அது.

ஷீட்டுக்கு உயர்வோல்ட் ஏ.சி. மின்சாரம் தரும் சிறு பெட்டியான இன்வெர்ட்டரிலும் ஒரு தந்திரம் உண்டு. மின்சுற்றில் ஷீட்டே ஒரு கெப்பாசிட்டர் (மின்னேற்றம் தேக்கும் பாகம்); அதன் பரப்பைப் பொறுத்தே இன்வெர்ட்டர் தரும் வோல்ட்டும் ஹெர்ட்ஸும் அமையும். பெரிய பரப்புக்கான சாதாரண இன்வெர்ட்டரைச் சிறிய ஷீட்டில் மாட்டினால் வோல்ட்டும் ஹெர்ட்ஸும் எகிறும். காட்டும்போது கண்ணைப் பறிக்கும், சீக்கிரம் சாகும். இன்வெர்ட்டரில் எழுதியுள்ள பரப்பு உங்கள் ஷீட்டுக்குப் பொருந்த வேண்டும். ஷீட் இல்லாமல் இன்வெர்ட்டரை ஆன் செய்யாதீர்கள், அதுவே எரிந்துபோகலாம். எரியும்போது முனைகளைத் தொடாதீர்கள். 100 வோல்ட் அளவில் ஷாக் அடிக்கும்.

பார்சல் வந்ததும் இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு ஷீட்டின் இரு முனைகளை மல்டிமீட்டரில் ஓம் வைத்து அளந்து பாருங்கள். மெகா ஓம் கணக்கில் காட்ட வேண்டும். சில கிலோ ஓம் காட்டினால் உள்ளே கசிவு, வெட்டாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.