செயின்ட் லூசியாவில் யாராவது “டொலர்” என்றால், எந்த டொலர் என்று கேளுங்கள்

போன மாசியில் ஒரு கிழமைக்குக் கரீபியத் தீவான செயின்ட் லூசியா போயிருந்தோம். நானும் கணவரும், இரண்டு பிள்ளைகள், 71 வயது அம்மா. ரொட்னி பே பக்கம், சாப்பாடும் தங்கலும் சேர்ந்த ரிசோர்ட். அறை, சாப்பாடு, கடற்கரை எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏமாந்தது தீவைச் சுற்றிப் பார்க்கப் போன நாளில். ரொறன்ரோவிலிருந்து நிறையப் பேர் அங்கே போகிறீர்கள், அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சூஃப்ரியேர் ஊருக்குப் பக்கத்தில் கந்தக ஊற்று இருக்கிறது. அந்தச் சூடான சேற்றைப் பூசிக் குளித்தால் முழங்கால் வலிக்கு நல்லது என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். குணமாகுமோ இல்லையோ, அம்மா அந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவு தூரம் வரச் சம்மதித்தவர்.

இரண்டாம் நாள் காலை கடற்கரையில் படுத்திருந்தபோது ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் அட்டை, மிக மரியாதையான பேச்சு. ரிசோர்ட் ஆள் என்றே நினைத்தோம். அங்கே கடற்கரைகள் எல்லாம் பொது. ரிசோர்ட் வாசல் மணலிலும் யாரும் வந்து நிற்கலாம் என்பது எங்களுக்குத் தெரியாது. ஐந்து பேருக்கும் முழுநாள் பயணம், பித்தோன் மலைகள், கந்தக ஊற்று, நீர்வீழ்ச்சி, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 600 டொலர் என்றார்.

அந்த நாட்டுக் காசு கிழக்குக் கரீபிய டொலர். எல்லோரும் ஈசி என்பார்கள். ஒரு அமெரிக்க டொலருக்கு 2.70 ஈசி, 1976இலிருந்து அதே கணக்குத்தான். முதல் நாள் இளநீர்க்காரர் சொன்ன விலையும் ஈசியில்தான் இருந்தது. ஆகவே இதுவும் ஈசிதான் என்று நினைத்து, 200 ஈசியை முற்பணமாகக் கொடுத்தோம். அதை எண்ணி வாங்கும்போதும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரசீதும் இல்லை.

மறுநாள் வான் ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தது. அங்கே அனுமதி பெற்ற டாக்சிகளின் நம்பர் பிளேட் இளநீலத்தில் TX என்ற எழுத்துகளோடு தொடங்கும். இதில் அப்படி இருக்கவில்லை. பிள்ளைகள் ஏறிவிட்டார்கள், நாங்களும் ஏறினோம். வழியில் மூன்று நினைவுப்பொருள் கடைகள். வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் அம்மாவுக்கு வாந்தி. சூஃப்ரியேர் போய்ச் சேர மதியம் இரண்டாகிவிட்டது. கந்தக ஊற்று வாசலில் கட்டணம் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்றார் சாரதி. கட்டினோம். “இருபது நிமிடம்தான்” என்று அவசரப்படுத்தினார். அம்மாவால் சேற்றுக் குளம்வரை மெல்ல நடந்து போய்ப் பார்க்கத்தான் முடிந்தது, இறங்க முடியவில்லை. நீர்வீழ்ச்சிக்குப் போகவே இல்லை.

பித்தோன் மலைகள் தெரியும் ஒரு திருப்பத்தில் வானை நிறுத்தினார். 2004இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மலைகள், கடலிலிருந்து நேரே எழும்பி நிற்கின்றன. அவற்றைக் காட்டிக்கொண்டே மீதிக் காசைக் கேட்டார்: 525 அமெரிக்க டொலர். ஈசியில் 1,400க்கு மேல். கணவர் எவ்வளவோ வாதாடினார். காசு தராமல் வான் நகராது என்று சாரதி திறப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பொழுது சாய்கிறது, அம்மா களைத்துப்போய்ச் சாய்ந்திருக்கிறார், சின்னவன் அழுகிறான். தருகிறோம் என்று ஒத்துக்கொண்டு, ஊருக்குள் ஏடிஎம்மில் எடுத்துக் கொடுத்தோம். அந்தத் திருப்பத்தில் நின்ற அரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ரிசோர்ட் வரவேற்பில் கேட்டால், “அவர் எங்கள் ஆள் இல்லை” என்றார்கள். வானின் இலக்கத்தைப் படம் எடுத்திருந்தால் முறைப்பாடாவது ஒழுங்காகக் கொடுத்திருக்கலாம்.

இதை வைத்து அந்தத் தீவு மக்களைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அடுத்த நாள் 1A இலக்கச் சிற்றூந்தில் சில ஈசி டொலரோடு தலைநகர் காஸ்ட்ரீஸின் சந்தைக்குப் போனோம். ஏறிய எல்லோரும் காலை வணக்கம் சொன்னார்கள். ஒரு பெண் எழும்பி அம்மாவுக்கு இடம் கொடுத்தார். வெள்ளி இரவு க்ரோஸ் ஐலே ஊரின் தெருவிழாவில் சுட்ட மீன் விற்ற அக்கா, மீதிச் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணி என் பிள்ளையின் கையில் வைத்தார். ரிசோர்ட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கத் தேவையே இல்லை.

ஆனால் டாக்சிக்கு மீட்டர் கிடையாது. ஏறுமுன் தொகையைப் பேசி, ஈசியா அமெரிக்க டொலரா என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஒருவருக்கா வண்டிக்கா, நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா, எத்தனை மணிக்குத் திரும்புவது, இதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். மீதிக் காசை ரிசோர்ட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் கொடுங்கள். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாளுக்கு முதல் நாள், வரவேற்பில் சொல்லி TX டாக்சி ஒன்று பிடித்தோம். பெரியவர் ஒருவர், தானாகவே தாளை வாங்கி 600 ஈசி என்று எழுதித் தந்தார். அம்மா ஒரு மணி நேரம் சேற்றில் காலை வைத்துக்கொண்டு இருந்தார். கழற்ற மறந்த வெள்ளி மெட்டி கறுத்துப்போனது, போகிறவர்கள் வெள்ளி நகையை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.