பவர் ஐசியா, கிளாஸ் டி போர்டா, டிரான்சிஸ்டரா?

வீட்டிலேயே ஆம்ப்ளிஃபையர் கட்டலாம் என்று உட்காருகிறவர் முதலில் கேட்பது "எத்தனை வாட் வரும்?" என்றுதான். அந்தக் கேள்வி கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும். வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். "கொஞ்சம் கூடியிருக்கிறதோ" என்று தோன்றுகிற அளவு. சாதாரண அறையில் நிதானமாகப் பாட்டு கேட்க ஒரு வாட்டே பெரும்பாலும் போதும். மிச்சமெல்லாம் டிரம் அடி விழும் அந்த நொடிக்குத்தான்.

எதை வைத்துக் கட்டுவது என்பதுதான் யோசிக்க வேண்டியது. எல்எம்3886 மாதிரி பவர் ஐசி (ஆம்ப்ளிஃபையர் முழுதும் ஒரே சிப்பில்), டிபிஏ3116 மாதிரி கிளாஸ் டி போர்டு, தனித்தனி டிரான்சிஸ்டர்கள் என்று மூன்று வழி. பழைய ரேடியோவில் ஒளிரும் கண்ணாடிக் குழாயான வால்வும் உண்டு. அதில் 250 வோல்ட், அதற்கும் மேல் டிசி ஓடும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் தங்கியிருக்கும். முதல் ஆம்ப் அதுவாக இருக்க வேண்டாம்.

சுலபம் என்றால் கிளாஸ் டி. இதன் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல லட்சம் தடவை முழுதாகத் திறந்து முழுதாக மூடும். நடுவில் நின்று சூடாவது குறைவு. 90 சதவீதத்துக்கு மேல் மின்சாரம் ஸ்பீக்கருக்கே போகிறது. டிபிஏ3116 சிப் 21 வோல்ட்டில் இடது, வலது இரண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட் தரும். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் போதும், மெயின்ஸ் கரண்டைத் தொடவே வேண்டியதில்லை. ஒரு சாயங்காலத்தில் பாட்டு வந்துவிடும்.

ஆனால் இதில் நாம் "கட்டியது" என்ன? 32 கால் சிப், மயிரிழை இடைவெளி. கையால் ஈயம் வைப்பது கஷ்டம். அதனால் போர்டு ரெடியாகத்தான் வரும். நாம் வயர் இழுத்து, வால்யூம் குமிழ் மாட்டி, பெட்டியில் அடைக்கிறோம். ஒரு எச்சரிக்கை: இதில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் சிக்னல் உண்டு, எதுவும் கிரவுண்ட் (சர்க்யூட்டின் பூஜ்ய வோல்ட் புள்ளி) இல்லை. இரண்டு ஸ்பீக்கர் மைனஸையும் உள்ளே ஒன்றாக இணைத்திருந்த ஒரு பழைய பெட்டியில் இதை மாட்டினேன். சத்தமே இல்லை. போர்டு போய்விட்டது என்று அரை மணி நேரம் வருந்தினேன். அது தன்னைக் காத்துக்கொள்ள வாயை மூடியிருந்தது, அவ்வளவுதான்.

எல்எம்3886 வேறு ரகம். 11 கால், தடித்த கால். கை நடுங்கினாலும் ஈயம் பிடிக்கும். சுற்றி ஒரு கைப்பிடி ரெசிஸ்டர், கண்டென்சர். பிளஸ் மைனஸ் 28 வோல்ட் கொடுத்தால் 4 ஓமில் 68 வாட். எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கிறோம்: 20 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டால் 21 மடங்கு. 10 மடங்குக்குக் கீழே இறக்கினால் ஆசிலேட் ஆக, அதாவது சிக்னலே இல்லாமல் தானாக அலைய ஆரம்பிக்கும். பாட்டே போடாமல் ஐசி கொதிக்கும்.

என் முதல் எல்எம்3886 ஊமையாகப் பிறந்தது. சப்ளை சரி, வயரிங் சரி, ஒரு சத்தம் இல்லை. 8-வது கால் மியூட், சத்தத்தை அடைக்கிற கால். அதிலிருந்து மைனஸ் சப்ளைக்கு அரை மில்லி ஆம்பியராவது இழுத்தால்தான் ஐசி பேசும். நான் அதைச் சும்மா விட்டிருந்தேன். 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மைனஸுக்கு வைத்ததும் பாட்டு கொட்டியது. ரெடி போர்டில் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. கற்றுக்கொள்ளவும் முடியாது.

இன்னும் சின்னதாகத் தொடங்க ஐந்து கால் டிடிஏ2030 இருக்கிறது. எரிந்தாலும் மனசு எரியாது. அதன் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு இணைந்தது என்பதை மறந்து, நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடு இல்லாமல் ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகக் கட்டையில்) திருகிவிடாதீர்கள். டிடிஏ7294 பவர் கூடுதல். ஆனால் போலி ஐசி நிறைய உலவுகிறது.

டிரான்சிஸ்டர் வழியில் நான் கட்டியது ஜான் லின்ஸ்லி ஹுட் 1969-இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் கொடுத்த கிளாஸ் ஏ சர்க்யூட். இடது, வலது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலே டிரான்சிஸ்டர், 10 வாட். 8 ஓமுக்கு 27 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்: பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் பக்கத்துக்கு 32 வாட் செலவு. ஹீட் சிங்க்கில் கை வைத்தால் உடனே எடுத்துவிடுவீர்கள். பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓட விடுகிற அளவான கரண்ட், என்றால் என்ன என்பது எனக்கு இதில்தான் புரிந்தது. ஐசியைவிட இனிமையாகக் கேட்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லச் சொன்னால் நான் தோற்பேன்.

ஐசி வழிக்கும் டிரான்சிஸ்டர் வழிக்கும் பொதுவான தலைவலி பவர் சப்ளை. 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ், இரண்டு பெரிய கண்டென்சர் போட்டால் பிளஸ், மைனஸ் இரண்டிலும் சுமார் 25 வோல்ட் வரும். வருவது சுலபம், 'ம்ம்ம்' என்ற ஹம் இல்லாமல் வருவதுதான் பாடு. ஸ்பீக்கர், இன்புட், கண்டென்சர் எல்லாவற்றின் கிரவுண்டும் தனித்தனி வயராக ஒரே புள்ளிக்கு வர வேண்டும். ஒரு தடவை இன்புட் கிரவுண்டை மட்டும் வழியில் வேறு வயரோடு இணைத்தேன்; இரண்டு வாரம் ஐசியைச் சந்தேகப்பட்டேன்.

அப்புறம், முதல் தடவை ஆன் செய்யும்போது மெயின்ஸில் தொடராக, கரண்ட் பல்பு வழியாகவே போகிற மாதிரி, ஒரு 60 வாட் குண்டு பல்பு போடுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட். ஸ்பீக்கரை மாட்டும் முன் அவுட்புட்டில் மல்டிமீட்டர் வைத்து டிசி பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் பரவாயில்லை, வோல்ட் கணக்கில் இருந்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகும்.

பாட்டு மட்டும் வேண்டுமென்றால் கிளாஸ் டி, கட்டுகிற ஆசை என்றால் எல்எம்3886. என் மேஜையில் தினமும் ஓடுவது முதலாவது, கூடத்தில் இருப்பது இரண்டாவது. அந்த 1969 சர்க்யூட்டை மழை நாளில் மட்டும் ஆன் செய்கிறேன். பாட்டும் வரும், குளிருக்குக் கையும் காயலாம்.