ஒரே மலை, மூன்று பழைய கார்கள்: ஆல்டோ, சான்ட்ரோ, வேகன் ஆர்

போன மே மாதம் ஏற்காடு சேர்வராயன் கோயிலுக்கு ஒரு வேண்டுதல். பெரியவர்கள், குழந்தைகள் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு பேர், மூன்று வண்டி. என்னுடைய 2009 ஆல்டோ எல்எக்ஸ், மச்சானின் 2008 சான்ட்ரோ ஜிங், எதிர்வீட்டு அண்ணனின் 2011 வேகன் ஆர். மூன்றும் ஒரு லட்சம் கிலோமீட்டரை எப்போதோ தாண்டியவை. ஆல்டோ 1,43,000, வேகன் ஆர் 1,31,000, சான்ட்ரோ 1,18,000. கோரிமேட்டில் டீ குடித்துவிட்டு, அடிவாரத்தில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஏற ஆரம்பித்தோம்.

சேலம் கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டர்கூட இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பழைய காரைத் துடைத்து, பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றி நிறுத்திவிடலாம். அந்த வளைவுகளில் எதையும் மறைக்க முடியாது. ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கையில் வைத்துக்கொண்டு சேலத்தில் செகண்ட்ஸ் கார் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றின் முன்னால்தான் வந்து நிற்கிறார்கள். அதனால் அன்று பார்த்ததையும், இந்த வண்டிகளோடு வருடக்கணக்கில் பழகியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிக்கடி மலை ஏறுகிறவருக்கு 2010-க்குப் பிந்தைய வேகன் ஆர். அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, ஜங்ஷன் என்று ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஆல்டோ. சான்ட்ரோவை, டைமிங் பெல்ட் (என்ஜினில் பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பட்டை) மாற்றிய பில் கையில் இருந்தால் மட்டும் வாங்கலாம்.

ஏற்றத்தில் இருந்து தொடங்குகிறேன். ஆல்டோவில் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர், 47 குதிரைத் திறன் அளவிலான என்ஜின். உயரம் போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைவதால், ஏற்காடு போய்ச் சேரும்போது டர்போ இல்லாத எந்த என்ஜினும் தன் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருக்கும். பெரிய என்ஜினுக்கு அது தெரியாது, 47-க்கு நன்றாகவே தெரியும். நான்கு பெரியவர்களோடு ஐந்தாவது வளைவிலேயே ஏசியை நிறுத்திவிட்டேன். வளைவு திரும்பும்போது எதிரே பஸ் வந்து வேகம் செத்துவிட்டால் இரண்டாவது கியர் போதாது, முதல் கியருக்குப் போயே ஆக வேண்டும். என்னுடைய எல்எக்ஸில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, அதற்கு மேல் மாடலான எல்எக்ஸ்ஐ-யில்தான் உண்டு. சமவெளியில் இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் மெதுவான வேகத்தில், முன்சக்கரத்தில் பாரம் இருக்கும்போது, இருபது முறை முழுசாக ஒடித்துத் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். மலைக்காக ஆல்டோ வாங்கினால் எல்எக்ஸ்ஐ மட்டும் பாருங்கள்.

சான்ட்ரோ அன்று ஏறிய விதம் எனக்குப் பொறாமையாகவே இருந்தது. 1,086 சிசி, நான்கு சிலிண்டர். அதிர்வே இல்லாமல் இரண்டாவது கியரில் சொகுசாகப் போயிற்று, ஏசியும் ஓடியது. பழைய சான்ட்ரோவின் ஏசி சேலத்து மே மாத வெயிலுக்கென்றே செய்தது மாதிரி குளிரும். ஆனால் பதினோராவது வளைவு தாண்டியதும் மச்சான் கையைக் காட்டி ஓரம் கட்டினார். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.

பானெட்டைத் தூக்கிப் பார்த்தோம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது, கொதிநீர் முகத்தில் அடித்துவிடும். அதனால் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் பார்த்தோம். பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ட் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் கரைத்தது மாதிரி பழுப்புத் தண்ணீர். முந்தைய ஓனர் வருடக்கணக்கில் போர் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார். உள்ளே உப்புப் படிந்து ரேடியேட்டரின் குழாய்கள் பாதி அடைத்துவிட்டன. ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. அரை மணி நேரம் ஆற வைத்து, ஏசியை நிறுத்தி மெதுவாக ஏறினோம். அப்புறம் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், இரண்டு ஹோஸ் என்று 6,500 ரூபாய் ஆயிற்று. இதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய காரில் நாம் வாங்குவது முந்தைய ஓனரின் பழக்கத்தையும் சேர்த்துத்தான்.

வேகன் ஆர் பற்றிச் சொல்ல அவ்வளவு கதை இல்லை, அதுவே அதன் சிறப்பு. 998 சிசி கே-சீரீஸ் என்ஜின், 67 குதிரைத் திறன். ஏசி போட்டபடியே நேராக மேலே போய் நின்றது. குறை என்றால், உயரமான உடம்பு என்பதால் வளைவுகளில் ஆட்டம் அதிகம். பின்சீட்டில் இருந்த இரண்டு குழந்தைகளும் வாந்தி எடுத்தார்கள், ஆல்டோவில் வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் அம்மா திரும்பி வரும்போது வேகன் ஆரில்தான் ஏறினார். முட்டி வலிக்காரருக்கு ஆல்டோவில் உட்காருவது பள்ளத்தில் இறங்குவது மாதிரி. வேகன் ஆரில் நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

இறங்கும்போது ஆல்டோவுக்கு மரியாதை வந்தது. எழுநூற்றுச் சொச்சம் கிலோ வண்டி, இரண்டாவது கியரில் விட்டால் என்ஜினே பிடித்துக்கொள்கிறது. "கியர்ல இறக்குங்க தம்பி, பிரேக்குல இறக்காதீங்க" என்று செவ்வாய்ப்பேட்டை மெக்கானிக் அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். பழைய ஆயில் சூடேறினால் உள்ளே குமிழி வந்து பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். எந்த வண்டி வாங்கினாலும், மலைக்குக் கொண்டுபோகும் முன் அதை மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாய் வேலைதான்.

இனி பெல்ட், செயின் விஷயம். ஒரு லட்சம் தாண்டிய வண்டியில் இதைவிடப் பெரிய வித்தியாசம் வேறு இல்லை என்பது என் எண்ணம். ஆல்டோவின் 796 சிசியிலும் சான்ட்ரோவிலும் டைமிங் பெல்ட், அதாவது ரப்பர். கே-சீரீஸ் வேகன் ஆரில் இரும்புச் செயின். ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயசும் கணக்கு. பத்து வருடத்தில் முப்பதாயிரமே ஓடிய வண்டியிலும் பெல்ட் காய்ந்து வெடித்திருக்கும். மச்சான் சான்ட்ரோ வாங்கும்போது விற்றவர் "பெல்ட் மாத்தியாச்சு" என்று வாயால் சொன்னார், பில் இல்லை. எட்டே மாதத்தில் ஓமலூர் தாண்டிப் போகும்போது அறுந்தது. அந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும். கழற்றிப் பார்த்தபோது வால்வுகள் வளைந்திருந்தன. ஹெட் வேலை, கூலி எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய். பெல்ட்டை முன்கூட்டியே மாற்றியிருந்தால் அதில் நான்கில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது. அன்று நெடுஞ்சாலை ஓரத்தில், கைக்குழந்தையோடு ஒன்றரை மணி நேரம் நின்ற அக்காவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்காக செயின் சாகாவரம் பெற்றதல்ல. என்ஜின் ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியில் செயினும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் தேயும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி சலசலவென்று சத்தம் கேட்கும், சூடேறியதும் அடங்கிவிடும். அதனால் விற்கிறவர் வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். பால் கலந்த காபி மாதிரி கொழகொழவென்று ஒட்டினால் தண்ணீர் உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். ஹெட் கேஸ்கெட் வேலை காத்திருக்கலாம்.

சரி, பணம். நாங்கள் மூவரும் வருடம் 8,000 கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டுகிறோம். மலை, ஊர் எல்லாம் கலந்து ஆல்டோ லிட்டருக்கு 16, வேகன் ஆர் 15, சான்ட்ரோ 13 கொடுக்கிறது. அப்படியென்றால் ஆல்டோவுக்கு 500 லிட்டர், வேகன் ஆருக்கு 533, சான்ட்ரோவுக்கு 615. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே சான்ட்ரோ ஆல்டோவைவிட வருடத்துக்கு 11,500 ரூபாய் கூடுதலாகக் குடிக்கிறது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த மூன்று வண்டியும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் ஹோஸ், ரப்பர் வாஷர்களை வருடம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இன்சூரன்ஸில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. 2022 ஜூனில் வந்த மூன்றாம் நபர் கட்டணப்படி 1,000 சிசி வரை உள்ள காருக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 998 சிசி வேகன் ஆர் மயிரிழையில் கீழே நிற்கிறது. 2010-க்கு முந்தைய வேகன் ஆரோ 1,061 சிசி, அதனால் சான்ட்ரோவோடு சேர்த்து மேல் கட்டணம். பெயர் ஒன்று என்பதற்காகப் பழையதை வாங்கிவிடாதீர்கள். அதில் செயினும் கிடையாது.

பேப்பர் விஷயத்தில் வருடம்தான் முக்கியம், மாடல் இல்லை. சொந்தக் காரின் ஆர்சி 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. 20 வருடம் தாண்டினால் கட்டணம் இரட்டிப்பு. என் ஆல்டோவை 2024-ல் புதுப்பிக்கக் காட்டியபோது முன்பக்க புஷ், ஒரு பக்க ஹெட்லைட், சைலன்சர் ஓட்டை என்று முன்வேலைக்கே ஏழாயிரம் போனது. அறுபதாயிரத்துக்குக் கிடைக்கிறதே என்று 2007 வண்டியை வாங்குகிறவர் இதையும் விலையில் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஸ்பேர் பார்ட்ஸ் சேலத்தில் மூன்றுக்குமே கிடைக்கிறது. மாருதி சாமான் எந்தத் தெருமுனைக் கடையிலும் உண்டு. 2014 கடைசியில் நிறுத்தப்பட்ட சான்ட்ரோ ஜிங்குக்குக் கொஞ்சம் அலைய வேண்டும், விலையும் ஒரு படி கூட. பின்பக்க அடிப்பகுதியில் துருவையும் பாருங்கள்.

டீசல் இண்டிகா பற்றியும் கேட்பார்கள். விலை மலிவு, இடம் தாராளம். ஆனால் நான் பார்த்தவற்றில் பல, ஒரு காலத்தில் மஞ்சள் போர்டில் ஓடியவை. வருடம் எட்டாயிரம் ஓட்டுகிறவருக்கு டீசலில் மிச்சமாகும் பணம் பம்ப், இன்ஜெக்டர் வேலையில் போய்விடும். வேண்டாம்.

நான் ஆல்டோவைக் கொடுத்துவிடப் போகிறேன். கூலன்ட் டப்பா சுத்தம், பெல்ட் மாற்றிய பில் இருக்கிறது, வாங்குகிறவர் ஊருக்குள் ஓட்டுகிறவராக இருந்தால் இன்னும் பல வருடம் உழைக்கும். அம்மாவின் முட்டிக்காக ஆத்தூரில் ஒரு 2012 வேகன் ஆர் பேசி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருகிறேன், அதுவரை சாவியைப் போட வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லியிருக்கிறேன். மெக்கானிக் அண்ணனும் கூட வருகிறார். சத்தம் இல்லாவிட்டால் அங்கிருந்து நேராக அடிவாரம் வந்து இருபது வளைவும் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ்.