நடமாடும் பரிசோதனை வண்டிக்குப் பணம் கட்டுமுன் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

கோவையில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் கம்பெனிகளுக்கும் பஸ் மாதிரி ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, 'முழு உடல் பரிசோதனை, உங்கள் வாசலிலேயே' என்று முகாம் போடும் தனியார் ஆய்வகங்கள் பெருகிவிட்டன. அப்படி ஒன்றிடம் 2,499 ரூபாய் கட்டி நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் முக்கியமும் இல்லை. தெரிந்தவர்களிடம் சொன்னபோது, வேறு கம்பெனி வண்டியிலும் இதே கதைதான் என்றார்கள்.

வண்டியில் ஏற முடியவில்லை என்பதற்காக மட்டும் இந்தப் பதிவு இல்லை. படியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது எங்களுக்கு ஏ.டி.எம்.மிலும் உண்டு, கல்யாண மண்டபத்திலும் உண்டு. அதற்கெல்லாம் பதிவு போட உட்கார்ந்தால் வேறு வேலை ஓடாது. எடுக்காத பரிசோதனைக்கு 'நார்மல்' என்று ரிப்போர்ட் அனுப்பியதும், அவர்களால் எடுக்க முடியாமல் போன பரிசோதனைக்கு 'நோயாளி மறுத்துவிட்டார்' என்று எழுதி வைத்ததும்தான் விஷயம்.

எனக்கு 47 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து இரண்டு கால்களும் போயின. ரொம்ப வருஷம் காலில் மாட்டும் காலிப்பரும் ஊன்றுகோலுமாக நடந்தேன். தோள்பட்டை தேய ஆரம்பித்த பிறகு சக்கர நாற்காலி. ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை. சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்து போராடிக் கரையேறினார். அதனால் நானும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று எங்கள் டாக்டர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்த நோட்டீஸ் வந்தபோது, வாசலுக்கே வருகிறதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ரத்தம், சிறுநீர், ஈசிஜி, குதிகாலில் எலும்பு அடர்த்தி, பெண்களுக்கு மேமோகிராம், எல்லாம் ஒரே பேக்கேஜ்.

போன் போட்டு விசாரித்தேன். "தம்பி, நான் வீல்சேர்ல இருக்கேன். எழுந்து நிக்க முடியாது. வண்டில ஏற ரேம்ப் இருக்கா, லிஃப்ட் இருக்கா?" என்றேன். "எல்லா வசதியும் இருக்குங்க மேடம், தைரியமா வாங்க. வீல்சேர் பேஷண்ட்ஸ் நிறையப் பேர் வர்றாங்க" என்றார். முன்பணம் கட்டினால்தான் டோக்கன் என்றதும் ஜிபேயில் அனுப்பினேன்.

வந்து நின்றது உயரமான பழைய பஸ் ஒன்றை மாற்றிக் கட்டிய வண்டி. தரையில் ஒரு மடக்குப் படிக்கட்டு, அதற்கு மேல் வண்டியின் சொந்தப் படி. ரேம்ப் எங்கே என்று கேட்டதற்கு டிரைவர் அடியிலிருந்து ஓர் அலுமினியப் பலகையை இழுத்துப் போட்டார். ஆறடி இருக்கும். கட்டடங்களுக்கு மத்திய அரசு போட்டிருக்கும் அளவுப்படி, ரேம்ப் ஓரடி உயர வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அந்த வண்டியின் தளம் தரையிலிருந்து மூன்றடியாவது இருந்தது. கணக்குப்படி 36 அடி ரேம்ப். ஆறடிப் பலகையில் அது ரேம்ப் இல்லை, சறுக்குமரம். இத்தனை உயரத்துக்கு லிஃப்ட் ஒன்றுதான் வழி. இது ஒன்றும் நாட்டில் இல்லாத அதிசயமும் இல்லை. சென்னையில் 2024-இல் ஓட ஆரம்பித்த தாழ்தள மாநகரப் பேருந்துகளில் தளமே 400 மில்லிமீட்டர்தான், நிறுத்தத்தில் இன்னும் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும். டிக்கெட் வாங்கிப் போகிற பஸ்ஸில் முடிந்தது, நோய் பார்க்க என்றே கட்டிய வண்டியில் முடியவில்லை. அப்புறம் கதவு. என் நாற்காலி அகலம் 25 அங்குலம். கதவு அதைவிடக் குறுகல். பலகையில் ஏற்றியிருந்தாலும் வாசலில் மாட்டியிருப்பேன்.

"நாங்க ரெண்டு பேரு தூக்கிடறோங்க்கா, ஒண்ணும் ஆகாது" என்று இரண்டு பையன்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் போலியோ கால் எலும்பு மெலிந்திருக்கும், அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தேய்ந்த தோள்மூட்டு நழுவும். இதெல்லாம் தெரியாதவர்கள் கையில், ஆடுகிற மடக்குப் படியில், சங்கத்து ஆட்கள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க நான் ஏன் போக வேண்டும்? வேண்டாம் என்றேன். "தூக்க வேண்டாம், வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்" என்று சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே பந்தல் போட்டிருந்த இடத்தில் ரத்தம் எடுத்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஊசி குத்திய பெண் கைராசிக்காரி, வலியே தெரியவில்லை. அத்தோடு சரி. ஈசிஜிக்குப் படுக்க வேண்டும், படுக்கை வண்டிக்குள். எடை பார்க்கும் கருவியில் நிற்க வேண்டும், நான் நிற்க மாட்டேன். எலும்பு அடர்த்திக் கருவி சின்னப் பெட்டிதான், வெளியே எடுத்து வந்திருக்கலாம், "வயர் எட்டாதுங்க" என்றார்கள். என் சாக்ஸைக்கூட யாரும் கழற்றவில்லை. மேமோகிராமுக்கு, "எங்க சென்டர்ல இருந்து கூப்பிடுவாங்க மேடம்" என்றார் பொறுப்பாளர். வரிசையில் வந்த எல்லோரிடமும் போல என்னிடமும் டோக்கன் கொடுக்கும்போதே டேப்லெட் திரையில் விரலால் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டவில்லை, கையெழுத்துப் போடும் கட்டம் மட்டும்தான் தெரிந்தது.

வாரக் கடைசியில் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. பளபளவென்று பன்னிரண்டு பக்கம், முதல் பக்கத்தில் சிரிக்கிற குடும்பம். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 61 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் எண்) 24.4. தொழில் பழக்கம், உடனே கால்குலேட்டரைத் தட்டினேன். 61-ஐ 1.58-இன் வர்க்கத்தால் வகுத்தால் 24.4 சரியாக வருகிறது. கணக்கு சரி, ஆள்தான் தப்பு. மருத்துவமனையில் நாற்காலியோடு எடை போட்டு நாற்காலியின் எடையைக் கழித்துப் பார்த்தபோது நான் 48 கிலோ. முதுகு வளைந்த உடம்புக்கு உயரம் அளப்பது என்றால் கையை விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அளப்பார்கள். அங்கே யாரும் அளக்கும் டேப்பைக் கையில் எடுக்கவே இல்லை.

அடுத்த பக்கத்தில் குதிகால் எலும்பு அடர்த்தி, டி-ஸ்கோர் (எலும்பு அடர்த்தியைச் சொல்லும் எண்) மைனஸ் 0.8, 'நார்மல்'. எலும்பு தேய்மானத்துக்கு நான் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்! அதற்கும் அடுத்ததில் ஈசிஜி, வரைபடத்தோடு. மேலே நேரம் அச்சாகியிருந்தது: 12:47. அந்த நேரத்தில் நான் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய இதயமோ என் பெயரில் ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தது.

கடைசிப் பக்கத்தில் மேமோகிராம். அதில் பொய் எண் போடத் துணியவில்லை போலிருக்கிறது. 'நோயாளி மறுத்துவிட்டார்' என்று ஆங்கிலத்தில் ஒரே வரி.

வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டால் பதில் இதுதான்: "சிஸ்டம்ல ரெஃப்யூஸ்டுன்னு இருக்குங்க மேடம், அதனால ரீஃபண்ட் வராது." நான் மறுக்கவில்லை, வண்டியில் ஏற வழியில்லை என்றேன். "தூக்கறோம்னு சொன்னோம், நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க" என்றார். சென்டரிலிருந்து யாரும் கூப்பிடவும் இல்லை. எடுக்காத ஈசிஜி எப்படி வந்தது என்று கேட்டதும் லைன் கட்டானது. பிறகு மேலதிகாரி என்று ஒருவர் வந்து, அடுத்த பேக்கேஜில் 500 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார்.

இந்தக் காகிதத்தை எங்கள் டாக்டரிடம் கொண்டு போனேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். மயக்க மருந்தின் அளவு உட்பட பல மருந்துகளை எடையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். 13 கிலோ கூடுதலாக எழுதிய காகிதம் அவசர நேரத்தில் யார் கையிலாவது கிடைத்தால் என்ன ஆகும்? நாளைக்கு நெஞ்சுவலி என்று போனால் 'பழைய ஈசிஜி இருக்கிறதா' என்றுதான் முதலில் கேட்பார்கள், எதிலாவது மாற்றம் இருக்கிறதா என்று ஒப்பிட. அதற்கு இந்த அந்நியருடைய வரைபடத்தையா நீட்டுவது? எங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றையும் அவர் சொன்னார். உண்மையாகவே எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு நன்றாக இருந்தது. ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை சூம்பிய உடம்பில் அது இயல்பாகவே குறைவாகக் காட்டும், சிறுநீரகம் கொஞ்சம் கெட்டிருந்தாலும் நார்மல் போலவே தெரியும். சந்தேகம் இருந்தால் சிஸ்டாடின்-சி என்ற வேறு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். பி.எம்.ஐ.யும் அப்படித்தான், எல்லோருக்கும் போட்ட அளவுகோல் எங்களுக்குப் பொருந்தாது. ஆக, உடம்பைப் பார்க்காமல் எண்ணை மட்டும் அச்சடிக்கிறவர்களிடம் மற்றவர்களைவிட நாங்கள்தான் அதிகம் மாட்டுவோம்.

மேமோகிராமை ஒரு மருத்துவமனையில் எடுத்தேன். நிற்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கருவியின் கை மேலும் கீழும் நகரும். டெக்னீஷியன் பெண் அதை என் மார்பு உயரத்துக்கு இறக்கினார், நாற்காலியின் கைப்பிடியைக் கழற்றினார், கால்வைக்கும் தட்டை ஒதுக்கினார், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து முன்னே சாய்த்தார். கொஞ்சம் நேரம் பிடித்தது, அவ்வளவுதான். கவலைப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது.

யாராவது இந்த வண்டிகளுக்குப் பதிவு செய்வதாக இருந்தால், 'வசதி இருக்கிறதா' என்று கேட்காதீர்கள், 'இருக்குங்க' என்றுதான் சொல்வார்கள். லிஃப்ட் கீழே இறங்கி நிற்கும் போட்டோவை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். கதவின் அகலம் எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். மேமோகிராம் கருவியை உட்கார்ந்த உயரத்துக்கு இறக்க முடியுமா என்று அதை இயக்குகிறவரிடமே கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும், போனில் சொன்னதற்கு என்னிடம் சாட்சி இல்லை. எக்ஸ்ரே கருவி எதுவாக இருந்தாலும், மேமோகிராம் உட்பட, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், அதையும் கேட்கலாம். பரிசோதனை முடியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏதாவது ஒன்றை எடுக்க முடியவில்லை என்றால் 'வண்டியில் அணுகல் வசதி இல்லாததால் எடுக்கவில்லை' என்று அங்கேயே எழுதச் சொல்லி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 'மறுத்தார்' என்ற வார்த்தை உள்ளே போய்விட்டால் பணமும் போச்சு, பழியும் நம் தலையில்.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மட்டும் பார்க்க வேண்டும் என்றால் தனியாருக்குக் கொட்டிக் கொடுக்கவே வேண்டாம். 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்பித்த, தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும், 104 சுகாதார உதவி எண்ணிலும் விசாரிக்கலாம்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 25-வது பிரிவு அரசு மருத்துவமனையோடு நிற்கவில்லை, தனியார் மருத்துவமனைகளிலும் மற்ற சுகாதார மையங்களிலும் தடையற்ற அணுகல் இருக்க வேண்டும், சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. சட்டத்தை மீறினால் 89-வது பிரிவில் முதல் முறை 10,000 ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 50,000-லிருந்து 5 லட்சம் வரை அபராதம். அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. புகாரை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்பலாம். பணத்துக்கும் பொய் ரிப்போர்ட்டுக்கும் நுகர்வோர் வழி தனி: முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள், மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை.

நான் இரண்டு பக்கமும் அனுப்பியிருக்கிறேன். 1915-இல் பதிவு ஆனதும் கம்பெனியிலிருந்து திடீரென்று மரியாதை கூடிவிட்டது, முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்கிறார்கள். என் பெயரில் இருக்கும் ஈசிஜியும் எலும்பு அடர்த்தியும் எடையும் எடுக்கப்படாதவை, 'மறுத்தார்' என்பது தவறு என்று அவர்கள் கையெழுத்திட்ட கடிதம் வந்தால்தான் பேச்சு என்று சொல்லிவிட்டேன். அந்தக் கடிதம் இன்னும் வரவில்லை. எங்கள் சங்கத்தில் இனி எந்த முகாமுக்கு அனுமதி கொடுப்பதாக இருந்தாலும் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பது என்று செயலாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். நிற்காமலே உயரமும் படுக்காமலே ஈசிஜியும் உங்களுக்கும் வந்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை அழித்துவிடாமல் எனக்குத் தகவல் சொல்லுங்கள். நான்கைந்து பேருடையது சேர்ந்தால் ஆணையரிடம் ஒன்றாகவே கொடுத்துவிடலாம்.