ஜியோ தரவுத்தளம்: கல்லீரலுக்குப் பரவும் பெருங்குடல் புற்றுநோயை ஆராய்வோருக்கு எவ்வளவு பயன்படும்?

அமெரிக்காவின் தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையம் (என்.சி.பி.ஐ.) 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஜியோ (GEO, Gene Expression Omnibus), உலகெங்குமுள்ள ஆய்வுக்குழுக்கள் அளிக்கும் மரபணு வெளிப்பாட்டுத் தரவுகளை, அதாவது எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்னும் அளவீடுகளைச் சேமித்து, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளத் திறந்து வைத்திருக்கும் சேவை. பெருங்குடலில் தோன்றிய புற்றணுக்கள் குடலின் இரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை வழியே கல்லீரலை அடைந்து அங்கே வளரும்போது எந்த மரபணுக்களின் வெளிப்பாடு கூடுகிறது, எவை அடங்குகின்றன என்று அறிய விரும்பும் ஆய்வு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறுவை சிகிச்சையில் கிடைக்கும் திசுக்களைத் தாமே திரட்ட இயலாத துறைகளுக்கு இது பெருங்கொடை. ஆனால் இதனோடு இணைந்துள்ள பகுப்பாய்வுக் கருவியின் விடையை அப்படியே ஏற்பது சரியல்ல.

முதலில் எடுத்துப் பார்க்கத் தக்கது, ஜியோவில் ஜி.எஸ்.இ.50760 (GSE50760) என்ற எண் கொண்ட தரவுத் தொகுதி. இதில் 18 நோயாளிகளின் இயல்பான குடல் திசு, முதல்நிலைக் கட்டி (குடலிலேயே தோன்றியது), கல்லீரலுக்குப் பரவிய கட்டி என மொத்தம் 54 மாதிரிகளின் ஆர்.என்.ஏ. வரிசைத் தரவு (மரபணுக்களிலிருந்து படியெடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ.க்களை வரிசைப்படுத்தி எண்ணியது) உள்ளது. மூன்று திசுக்களும் ஒரே ஆளுடையவை என்பதால், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைக் கழித்துவிட்டு ஒப்பிட முடிகிறது. இத்தகைய மனித ஆர்.என்.ஏ. தரவுகள் பலவற்றுக்கு என்.சி.பி.ஐ. தானே ஒரே முறையில் கணக்கிட்ட எண்ணிக்கை அட்டவணைகளையும் இப்போது தருகிறது; சாதாரணக் கணினி மட்டுமே உள்ளவர்களுக்கு இது மிகப் பெரிய உதவி.

குறை தொடங்குவது ஜியோ2ஆர் (GEO2R) என்னும், ஜியோ தளத்திலேயே உள்ள பகுப்பாய்வுக் கருவியில். நிரல் எழுதத் தெரியாதவரும் இரண்டு குழுக்களைக் குறித்துவிட்டு வேறுபட்டு வெளிப்படும் மரபணுக்களின் பட்டியலைச் சில நிமிடங்களில் பெறலாம் என்பது உண்மைதான். எனினும், எந்த இரண்டு மாதிரிகள் ஒரே நோயாளியுடையவை என்று குறிப்பிட அதில் இடமில்லாததால், மேற்சொன்ன தொகுதியின் தலையாய சிறப்பே வீணாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், முதல்நிலைக் கட்டியைக் கல்லீரல் கட்டியோடு நேரடியாக ஒப்பிட்டால் கல்லீரல் செல்கள் மிகுதியாகச் சுரக்கும் ஆல்புமின், அப்போலிப்போபுரதங்கள் ஆகிய புரதங்களின் மரபணுக்கள் பட்டியலின் உச்சிக்கு வந்துவிடுவது. புற்றணு அவற்றைச் சுரக்கத் தொடங்கியது என்று இதற்குப் பொருளில்லை. வெட்டியெடுத்த துண்டில் சுற்றியிருந்த கல்லீரல் செல்களும் கலந்திருக்கின்றன, அவ்வளவே. (இந்தப் பட்டியலையே பரவலுக்கான அடையாள மரபணுக்கள் என்று முன்வைக்கும் எழுத்துகளைக் கண்டால் வியப்பதற்கில்லை.) இயல்பான கல்லீரல் திசுவையும் உள்ளடக்கிய ஜி.எஸ்.இ.41258 போன்ற பழைய நுண்வரிசைத் (microarray) தொகுதியை உடன் வைத்து, அத்திசுவில் மிகுதியாக வெளிப்படும் மரபணுக்களைப் பிரித்தறிந்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

வெளிப்பாட்டின் அளவு மட்டுமே ஒழுங்குபாட்டை, அதாவது எந்த மரபணுவை எது இயக்குகிறது அல்லது அடக்குகிறது என்பதை, விளக்கிவிடாது. 2009இல் கண்டறியப்பட்ட எம்.ஏ.சி.சி.1 (MACC1) என்னும் மரபணு, மெட் (MET) மரபணுவின் படியெடுப்பைத் தூண்டிப் பரவலுக்குத் துணைபோகிறது. இரண்டும் சேர்ந்து உயர்வதை ஜியோவில் காணலாமே தவிர, ஒன்று மற்றொன்றை இயக்குகிறது என்பதற்குச் சோதனைச் சான்று வேண்டும். பிற மரபணுக்களை அடக்கும் நுண் ஆர்.என்.ஏ.க்களில் (microRNA) ஒன்றான மிர்-200 (miR-200) குடும்பத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. செப்1 (ZEB1) மரபணுவை அடக்கி, எபிதீலியத் தன்மையை (உறுப்புகளின் உட்பரப்பு செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இயல்பை) காக்கும் மிர்-200சி, முதல்நிலைக் கட்டியைவிடக் கல்லீரல் கட்டியில் கூடுதலாக இருப்பதும், அதன் முன்னியக்கிப் பகுதியில் (மரபணுவின் படியெடுப்பு தொடங்கும் இடத்தில்) மரபணுவை அடக்கக்கூடிய வேதிக்குறியான மெத்திலேற்றம் குறைந்திருப்பதும் 2013இல் வெளியான ஆய்வில் தெரியவந்தன. வழக்கமான ஆர்.என்.ஏ. வரிசைத் தரவில் முதிர்ந்த நுண் ஆர்.என்.ஏ.க்கள் அகப்படுவதில்லை என்பதால், இக்கேள்விக்கு நுண் ஆர்.என்.ஏ., மெத்திலேற்றத் தொகுதிகளைத் தனியே தேடிச் சேர்க்க நேரும்.

மாதிரிகளைப் பற்றிய குறிப்புகளை அளிப்பவர்களே தம் விருப்பப்படி எழுதுவதால் சீர்மை இல்லை. அறுவைக்கு முன் கீமோதெரபி பெற்ற திசுவா, பெறாததா என்பது மரபணு வெளிப்பாட்டைப் பெரிதும் பாதிக்கக்கூடியது. அதைக் கட்டாயமாக நிரப்ப வேண்டிய புலமாக ஜியோ இன்னும் ஆக்காததால், ஒவ்வொரு தொகுதிக்கும் மூலக் கட்டுரையின் துணை அட்டவணைகளைத் திறந்து பார்த்தே தீர வேண்டியிருக்கிறது.