கிறிஸ்துமஸுக்கு ஐயாயிரம் ரூபாய்: காணிக்கை உறையா, இல்லமா, க்யூஆரா?

டிசம்பர் பிறந்தால் உதவி கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். கோயிலில் சிறப்புக் காணிக்கை உறை, மாலையில் வீடு வீடாகப் பாடி வரும் கேரல் ரவுண்ட்ஸ், வாட்ஸாப்பில் சிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தையின் படம், ஏதோ ஓர் இல்லத்திலிருந்து போன். ஒரு குடும்பம் ஐயாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறது என்றால், எந்த வழியாகப் போனால் அது உரியவர் கையில் சேரும்?

விசாரித்துக் கொடுத்தால் விசுவாசக் குறைவாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். எருசலேமின் ஏழைகளுக்குத் திரட்டிய பணத்தின் பொறுப்பில் அப்போஸ்தலர் பவுல் தன் உடன் ஊழியர் தீத்துவை மட்டும் அனுப்பவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் கூடவே அனுப்பினார், யாரும் குறைசொல்ல இடம் இருக்கக் கூடாது என்று (2 கொரிந்தியர் 8).

பங்கு வழியாக

கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த விசுவாசிகளின் வட்டாரங்களில், வின்சென்ட் தே பவுல் சபை இருக்கும். 1833-இல் பாரிஸில் தொடங்கிய அமைப்பு. இருவர் இருவராக வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் உதவுவார்கள் என்பது இதன் பெரிய பலம். யார் வீட்டில் அரிசி இல்லை, யாருக்கு மாத்திரை வாங்கப் பணமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். குறை ஒன்று: பழகிய முகங்களுக்கே உதவி திரும்பத் திரும்பப் போகும். போன மாதம் குடிவந்த கூலித் தொழிலாளி பட்டியலில் இருக்க மாட்டார். அப்படி ஒரு குடும்பம் உங்களுக்குத் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள்.

பொது உறையில் போடுவது கட்டட நிதிக்கும் போகலாம். ஏழைகளுக்கு என்றால் உறையின் மேல் அதை எழுதி, தனி ரசீது வாங்குங்கள். காணிக்கையை இருவராவது சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடும் கோயிலில் கவலை குறைவு. நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகையைப் பெரும்பாலும் இங்கே எதிர்பார்க்க முடியாது.

கேரல் குழு தெரிந்த சபையினுடையதாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். தெரியாத குழு என்றால் சபைப் பெயர், முத்திரையிட்ட ரசீதுப் புத்தகம், போதகரின் பெயர் கேளுங்கள். முகம் சுளித்தால் கேக் மட்டும் கொடுத்து அனுப்பலாம்.

குழந்தைகள் இல்லம்

மனதுக்கு மிக நிறைவானது இதுதான், தவறுகள் அதிகம் நடப்பதும் இதில்தான். இல்லம் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவானதா என்று முதலில் கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கினால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். அங்குள்ள குழந்தைகளின் அடையாளத்தை வெளியிட அந்தச் சட்டமே தடை விதிக்கிறது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கேக்கோடு படம் எடுத்துப் போடச் சொல்லும் இல்லம் நல்ல இல்லமல்ல.

டிசம்பர் 25 அன்று மூன்று வீட்டார் பிரியாணி கொண்டுவருவார்கள், பிப்ரவரியில் ஒருவரும் வரமாட்டார்கள். சமைத்த உணவு என்றால் எந்த நாள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 40 பிள்ளைகளுக்கு மதியச் சோற்றுக்கு நாலரைக் கிலோ அரிசி போதும். காலையில் அடுப்பை விட்டு இறங்கிய பிரியாணி மூடிய அண்டாவில் மெல்ல ஆறிக்கொண்டே மதியம்வரை இருந்தால், வேகும்போது சாகாத கிருமி வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கிவிடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. இறக்கிய 2 மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். இதைவிட, இல்லத்துக்கு என்ன தேவை என்று வார்டனிடமே கேட்டு உள்ளாடை, நாப்கின், எண்ணெய், பருப்பு என்று வாங்கிக் கொடுப்பது உருப்படியான உதவி.

வரிச்சலுகை வேண்டுமென்றால் 80ஜி பதிவுள்ள அமைப்பா என்று பார்த்து, காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இது இல்லை.

வாட்ஸாப் க்யூஆர்

வேகமானது, ஆபத்தும் அதிகம். குழந்தை குணமாகியோ இறந்தோ பல வருடங்கள் ஆனபின்பும் அதே படம், வேறு க்யூஆரோடு சுற்றும். செய்தியில் உள்ள எண்ணை அழைத்து உறுதிசெய்வதில் பயனில்லை, எடுப்பவர் அதை அனுப்பியவர்தான். மருத்துவமனையின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து, நோயாளியின் பதிவு எண்ணைச் சொல்லி, அந்தக் கணக்கில் நேரடியாகப் பணம் கட்ட முடியுமா என்று கேளுங்கள். உண்மையிலேயே தவிக்கும் குடும்பத்துக்கு இதில் ஆட்சேபம் இருக்காது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது தெரியாமலே கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. வழிகாட்டுவதே பெரிய உதவியாகிவிடும்.

பணம் போகுமுன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். அறக்கட்டளை என்று சொல்லிவிட்டுத் தனிநபர் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். பங்குத்தந்தையின் படத்தோடு புது எண்ணிலிருந்து அவசரமாகப் பணம் கேட்டால், அவருடைய பழைய எண்ணில் பேசுங்கள். இல்லம் நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும்: நன்கொடை அனுப்புகிறேன், க்யூஆரை ஸ்கேன் செய்து ரகசிய பின் (PIN) எண்ணைப் போடுங்கள் என்று ஒருவர் சொன்னால் அது திருட்டு. பணம் பெற அந்தப் பின் எண் தேவையே இல்லை.

ஐயாயிரத்தில் பாதியை வின்சென்ட் சபைக்கோ உங்கள் சபையின் ஏழைகள் நிதிக்கோ இப்போதே கொடுத்துவிட்டு, மீதியைப் பிப்ரவரியில் இல்லத்து மளிகைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் யோசனை. க்யூஆரில் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்து, பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் சொல்லுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்கிவிட வாய்ப்பு உண்டு.