கொட்டகலை முதல் நுவரெலியா வரை: ஒரு செட் டயரோடு ஐந்து வருடம்

2019 டிசம்பரில் என் வேகன் ஆருக்கு நான்கு டயரையும் ஒன்றாகப் போட்டேன். கடைசி இரண்டைக் கழற்றியது 2024 நவம்பரில். ஏறக்குறைய 43,000 கிலோமீட்டர், பெரும்பாலும் கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா வீதியில். மிச்சம் மஸ்கெலியாப் பக்கம் மனைவியின் தோட்டத்துக்கு.

முதல் மூன்று வருடம் சொல்ல ஒன்றும் இல்லை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கார் பல வாரம் அசையாமல் நின்றது. காற்று இறங்கிய டயரோடு அப்படியே விட்டது என் தவறு.

2023 ஜூன் மாதம், நல்ல மழை. டெவன் நீர்வீழ்ச்சிப் பக்க வளைவில் எதிரே பஸ் வந்தது. பிரேக் பிடித்தேன். கார் நிற்காமல் ஒரு கார் நீளத்துக்கு வழுக்கி, மண் மேட்டோரம் போய் நின்றது. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் மகளின் அடிமட்டத்தையும் ஒரு தீக்குச்சியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குச்சியைப் பள்ளத்துக்குள் விட்டு, நகத்தால் அடையாளம் பிடித்து அளந்தால் ஆழம் தெரிந்துவிடும். முன் டயரின் வெளிப்பக்கம் 3 மில்லிமீட்டர். பரவாயில்லையே என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துவிட்டு, குனிந்து உள்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே ரப்பர் மொட்டை. பள்ளத்தின் அடியில் குறுக்கே சின்ன மேடு ஒன்று வைத்திருப்பார்கள், உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்மானம் அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. என் டயரின் உள்விளிம்பில் அந்த மேடே தேய்ந்து போயிருந்தது. வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணம், விலகியிருக்கிறது. நின்றபடி டயரைப் பார்க்கிற நமக்கு அந்தப் பக்கம் கண்ணில் படுவதே இல்லை. தயவுசெய்து குனிந்து பாருங்கள்.

தேய்மானம் இருக்கும் இடமே காரணத்தையும் சொல்லிவிடும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், ஒரு ஓரம் மட்டும் என்றால் அனேகமாக அலைன்மென்ட். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும்.

கடையில் பாவித்த டயர் மலிவாகக் காட்டினார்கள். பள்ளம் ஆழமாகத்தான் இருந்தது. டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 4014. அதாவது 2014ஆம் ஆண்டின் 40ஆவது வாரம் செய்தது. ஏறக்குறைய ஒன்பது வருடம் ஆன ரப்பர் இறுகியிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. வேண்டாம் என்று இரண்டு புதுசு வாங்கினேன். "முன்னுக்குப் போடுவோம் அண்ணே" என்றார் கடைத் தம்பி. நான் பின்னுக்குப் போடச் சொன்னேன். பின்னால் இருந்த பழையவை 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்ததால் அவை முன்னுக்கு வந்தன. ஈர வளைவில் பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதைத் திருப்பிப் பிடிப்பது கஷ்டம்.

2024இல் தோட்டப் பாதையில் ஒரு மதகுக் கல்லில் முன் டயர் மோதியது. காற்று போகவில்லை. இரண்டு நாள் கழித்துப் பக்கச் சுவரில் தேசிக்காய் அளவுக்கு வீக்கம். ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, ரப்பருக்குள் பலத்துக்காக வைத்திருக்கும் நூல் அறுந்திருக்கிறது, காற்றை அங்கே வெறும் ரப்பர்தான் தாங்குகிறது. உள்ளே ஒட்டுப் போட்டுத் தரலாம் என்று ஒருவர் சொன்னார். தரையில் படும் பகுதியில் ஆணி குத்தினால் ஒட்டலாம், பக்கச் சுவருக்கு அது சரிவராது. அந்த டயரோடு கினிகத்தேனை இறக்கத்தில் இறங்க எனக்கு மனம் வரவில்லை. அதன் ஜோடி டயரிலும் பள்ளங்களுக்குள் மயிரிழை வெடிப்புகள். இரண்டையும் கழற்றினேன்.

1.6 மில்லிமீட்டர் வரை காத்திருக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். மழையும் பனிமூட்டமும் உள்ள நம் வீதிகளுக்கு 3 மில்லிமீட்டர் என்பது என் கணக்கு. மே மாத மழைக்கு முன்னால் நான்கையும் அளக்கிறேன், உள்விளிம்பிலிருந்து தொடங்கி. அடிமட்டம் இப்போது காருக்குள்ளேயே இருக்கிறது, மகளுக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.